ஹீட்டர் இருக்கட்டும், வயர் எப்படிப் போகிறது?

அக்டோபர் பிறந்துவிட்டால் லண்டனைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் ஒரு கவலை தொற்றிக்கொள்ளும். கறிவேப்பிலைக் கன்றை என்ன செய்வது? ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், எங்கே போனாலும் யாராவது ஒருவர் தொட்டியில் வைத்து வளர்த்துக்கொண்டிருப்பார். கோடை முழுக்கத் தளதளவென்று நிற்கும் செடி, பத்து டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். உறைபனி பட்டால் தண்டோடு போய்விடும். வீட்டுக்குள் இடம் இல்லாதவர்கள், அல்லது ஒரு செடி நாலாகி, கூடவே மல்லிகையும் முருங்கையும் சேர்ந்துவிட்டவர்கள், பின்தோட்டத்தில் ஆறடிக்கு எட்டடியில் அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி கிரீன்ஹவுஸ் ஒன்றை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் என்னிடம் வருகிறார்கள். "எந்த ஹீட்டர் வாங்கலாம்?"

நான் எலெக்ட்ரீஷியன் இல்லை. கட்டடங்களின் மின் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. அதனால் எனக்கு ஹீட்டர்மேல் பெரிய அக்கறை கிடையாது. கடையில் விற்கும் கிரீன்ஹவுஸ் ஹீட்டர்களில் பெரும்பாலானவை அதனதன் வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. ஆபத்து வீட்டுச் சுவருக்கும் ஹீட்டருக்கும் நடுவே இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் தோட்டத்தைப் பார்த்தால் லண்டன் என்று சொல்ல முடியாது. அவ்வளவு பச்சை மிளகாய், அவ்வளவு வெண்டை. சமையலறை ஜன்னலை விரலளவு திறந்து, அதன் வழியே எக்ஸ்டென்ஷன் ரீலை இழுத்து, புல்வெளியைக் கடந்து, கிரீன்ஹவுஸ் கதவிடுக்கில் நுழைத்து, உள்ளே 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டரைச் செருகி வைத்திருந்தார். வீட்டில் சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கிற சாதாரண ஹீட்டர்தான்.

"அண்ணா, இது ஆபத்து" என்றேன்.

"என்ன தம்பி நீங்கள், மூண்டு வருசமா ஓடுது. கரண்ட் போகுது, சூடு வருது. பிறகென்ன?"

அவர் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லை. இந்தப் பதிவு அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ரீல். அதன் முகப்பில் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். வயர் முழுக்கச் சுற்றியபடியே இருந்தால் இத்தனை ஆம்பியர், முழுக்க விரித்தால் இத்தனை ஆம்பியர். சுற்றியிருக்கும்போது பெரும்பாலும் 3 அல்லது 5, விரித்தால் 13. 2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 25 மீட்டர் நீளமும் 1.25 சதுர மில்லிமீட்டர் கம்பியும் உள்ள ரீலில் போக வர மொத்த மின்தடை ஏறக்குறைய 0.8 ஓம். கணக்குப் போட்டால் அந்த வயரிலேயே 60 வாட் சூடாக வீணாகிறது. புல்வெளி நெடுகப் பரவிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அண்ணன் வீட்டில் பத்து மீட்டர்தான் தேவைப்பட்டது. மிச்சப் பதினைந்து மீட்டரும் ரீலிலேயே சுற்றிக் கிடந்தது. பழைய குண்டு பல்பு ஒன்றைப் போர்வையில் சுற்றி இரவெல்லாம் எரியவிட்டது போல. ஒரு மணி நேரம் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. டிசம்பர் இரவில் பதினான்கு மணி நேரம் ஓடும் ஹீட்டர் அப்படியில்லை. நல்ல ரீல்களில் சூடு மிஞ்சினால் துண்டிக்கும் சாதனம் இருக்கும். இல்லாதவற்றில் மேலுறை இளகி, உள்ளே கம்பியும் கம்பியும் தொடும்.

ரீலின் முனை கிரீன்ஹவுஸுக்குள் தரையில் கிடந்தது. மேலே தொட்டிகள். தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் எங்கே வடியும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜன்னலை முழுக்க மூட முடியாததால் வீட்டுக்குள் குளிர் வேறு வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கை அவர் வீட்டு அக்கா ஏற்கெனவே அண்ணனிடம் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

வரவேற்பறையில் சாதாரணமாக நடக்கிற மின்கசிவு கிரீன்ஹவுஸில் ஏன் உயிரை எடுக்கிறது? காய்ந்த தோலுக்கு மின்தடை அதிகம். பல ஆயிரம் ஓம் வரை போகும். தோல் நனைந்தால் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பங்கே போதும். கம்பளம் விரித்த தரையில் ரப்பர் செருப்போடு நிற்பவர் வேறு. ஈரக் கையோடு, ஈர மண்ணில் மண்டியிட்டு, ஒரு தோள் அலுமினியச் சட்டத்தில் சாய்ந்திருக்க நாற்று நடுபவர் வேறு. பின்னவரைச் சுற்றி மின்சாரம் தரைக்குப் போக எல்லாப் பக்கமும் வழி திறந்திருக்கிறது.

அதனால்தான் ஆர்சிடி. நம்மூரில் இதை ஈஎல்சிபி என்று சொல்லிப் பழக்கம். வேலை எளிது: போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தால், குறைந்தது எங்கோ தவறான வழியில், ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 300 மில்லிவினாடிக்குள் துண்டித்துவிடும்; கசிவு பெரிதாக இருந்தால் 40 மில்லிவினாடிக்குள். தோட்டத்துக்குப் போகிற எந்த இணைப்பும் இது இல்லாமல் இருக்கக்கூடாது. பிளக்கோடு செருகிக்கொள்ளும் ஆர்சிடி கடைகளில் சில பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. வேறு ஒன்றும் செய்ய முடியாதவர்கள் இன்றைக்கே இதையாவது வாங்குங்கள். வீட்டின் உள்ளே, காய்ந்த இடத்தில் உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். வயரின் அந்த முனையில் செருகினால் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் ஆர்சிடி இருக்கிறது, இனி கவலையில்லை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். ஒரு கையால் லைனையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால், அதற்கு நீங்களும் ஒரு ஹீட்டர்தான். போனது அப்படியே திரும்பி வருகிறது, துண்டிக்காது. வயர் சூடாவதும் அதற்குத் தெரியாது. அது ஃபியூஸின் வேலை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இங்கே பலரும் கேள்விப்பட்டதே இல்லை. அது எர்த்.

ஊரில் வீடு கட்டும்போது வீட்டோரம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் பைப் இறக்குவார்கள். நம் வீட்டு எர்த் நம் மண்ணிலேயே இருக்கும். பிரிட்டனில் இன்று பெரும்பாலான வீடுகளில் அப்படியில்லை. தெருவிலிருந்து வரும் கேபிளில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பி. வீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் இரண்டாகப் பிரிகின்றன. பிஎம்இ என்பார்கள். மலிவானது, வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்வது. ஆனால் தெருவில் அந்த ஒற்றைக் கம்பி அறுந்தால், எர்த்தோடு இணைந்த உலோகம் எல்லாவற்றிலும், கெட்டிலின் உடம்பு முதல் குழாய் வரை, மின்னழுத்தம் ஏறிவிடும். வீட்டுக்குள் எல்லா உலோகமும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் எல்லாம் சேர்ந்தே ஏறும். நீங்கள் தொடும் இரண்டு பொருள்களுக்கு நடுவே வித்தியாசம் அதிகம் இருக்காது. தோட்டத்தில் கதை வேறு. உங்கள் கை ஹீட்டரின் உலோக உடம்பில் இருக்கிறது. அது வீட்டு எர்த்தோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. உங்கள் கால் நிஜ மண்ணில் இருக்கிறது, அது ஏறவில்லை. ஆர்சிடியால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அது எர்த் கம்பியைத் துண்டிப்பதே இல்லை.

அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடக்கிறது. அதனால் விஷயம் தெரிந்த எலெக்ட்ரீஷியன்கள் பலர் உலோகச் சட்டம் போட்ட கிரீன்ஹவுஸுக்கு வீட்டு எர்த்தைக் கொண்டுபோக மாட்டார்கள். அங்கேயே மண்ணில் செம்பு பூசிய தண்டு ஒன்றை அடித்து, அதையே அந்த இணைப்பின் எர்த்தாக வைப்பார்கள். நம்மூர் முறைதான், கரியும் உப்பும் இல்லாமல். அந்தத் தண்டின் மின்தடையை அளந்து பார்ப்பார்கள். 200 ஓமுக்கு மேல் இருந்தால் மண் காயும்போது நம்ப முடியாது என்பது இங்குள்ள கணக்கு. மின்சாரக் காருக்கு வாசலில் சார்ஜர் பொருத்தும்போதும் இதே விவாதம் வருகிறது. எந்தத் தோட்டத்துக்கு எது சரி என்பது மண், தூரம், பக்கத்தில் உள்ள உலோகக் குழாய்கள் எல்லாவற்றையும் பொறுத்தது. உங்களிடம் வரும் எலெக்ட்ரீஷியனிடம் "கிரீன்ஹவுஸுக்கு எர்த் எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் நின்று யோசித்து, வீட்டு மீட்டர் பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றால் வேலையைக் கொடுக்கலாம். "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனி சரியான வழி. வீட்டு ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிரீன்ஹவுஸுக்கென்று தனி இணைப்பு. எஃகுக் கம்பிக் கவசம் போட்ட கேபிள், மண்ணுக்கடியில். எவ்வளவு ஆழம் என்று பிரிட்டனின் வயரிங் தரமான பிஎஸ் 7671 எண் எதுவும் சொல்லவில்லை. மண்வெட்டிக்கும் தோட்ட வேலைக்கும் எட்டாத ஆழம் என்கிறது. நடைமுறையில் 45 முதல் 60 சென்டிமீட்டர். கேபிளுக்கு மேலே மண் மூடும் வழியில் மஞ்சள் எச்சரிக்கை நாடா ஒன்றைப் போடுவார்கள். பத்து வருடம் கழித்து ரோஜா நட வேறொருவர் தோண்டும்போது கேபிளுக்கு முன்னால் நாடா கண்ணில் படவேண்டும். வேலியில் ஆணியடித்துக் கொண்டுபோவதை நான் விரும்புவதில்லை. வேலி காற்றில் சாயும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வேலியை மாற்றுவார்.

உள்ளே சாக்கெட் தொட்டிப் பலகைக்கு மேலே இருக்கவேண்டும், கீழே வேண்டாம். மூடியோடு வருவது, ஐபி 66 என்று எழுதியிருப்பது. அந்த இரண்டு எண்களில் முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 44 தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஹோஸ் பைப்பின் நேரடிப் பீச்சலைத் தாங்காது. பிளக் செருகிய பிறகும் மூடி இறுக மூடுகிறதா என்று பாருங்கள். பல மூடிகள் பிளக் இல்லாதபோதுதான் 66. பெட்டிக்குள் கேபிள் கீழிருந்து நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் கேபிளோடு தண்ணீரும் வழிந்து உள்ளே போகும். கதவருகே லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று. தண்ணீர் ஊற்றப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் வீட்டு மின்வேலை கட்டட விதிகளின் பார்ட் பி-க்குள் வருகிறது. 2013-இல் இங்கிலாந்தில் கொஞ்சம் தளர்த்தினார்கள், வேல்ஸில் தளர்த்தவில்லை. ஆனால் புதிய இணைப்பு என்றால் இங்கிலாந்திலும் உள்ளாட்சிக்குத் தெரிவித்தாகவேண்டும். என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்புகளில் பதிந்த எலெக்ட்ரீஷியன் செய்தால் அவரே சான்றளித்துத் தெரிவித்துவிடுவார். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார். செலவு சில நூறு பவுண்டுகள், தோட்டம் நீளமாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். பள்ளத்தை நாமே தோண்டிக் கொடுப்பதற்கு எலெக்ட்ரீஷியன் சம்மதித்தால் கொஞ்சம் மிச்சம். அண்ணனும் மகனும் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தோண்டினார்கள்.

"இந்தக் காசுக்கு எத்தனை கட்டு கறிவேப்பிலை வாங்கலாம் தெரியுமோ?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். கணக்குப் போட்டால் அவர் சொல்வதுதான் சரி. தோட்டம் வைப்பவர்கள் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஹீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டுவீர்கள். எவ்வளவு சூடு வேண்டும் என்பதைக் கணக்கிடாமல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஆறுக்கு எட்டடிக் கிரீன்ஹவுஸில் கண்ணாடிப் பரப்பு சுமார் 19 சதுர மீட்டர். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் வெளியே போகும். ஆக, டிகிரிக்கு 114 வாட். வெளியே மைனஸ் 4, உள்ளே 5 வேண்டும் என்றால் ஒரு கிலோவாட். இடுக்குகளில் கசிவதற்குக் கொஞ்சம் கூடுதல். உட்புறம் முழுக்கக் குமிழிப் பிளாஸ்டிக் ஒட்டினால் இது பாதியை நெருங்கிக் குறையும். அப்போது ஒரு கிலோவாட் ஹீட்டரே தாராளம், 4 ஆம்பியர் சொச்சம்தான். வயர், பிளக், சாக்கெட் எல்லாவற்றின் சுமையும் பாதி. மின் பாதுகாப்புக்காக நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான வேலை அந்தப் பிளாஸ்டிக் சுருளை வாங்குவது என்பது என் கட்சி. ஹீட்டரின் சூடான காற்று அதன்மேல் படாமல் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அது உருகும், எரியும்.

அதேபோல எத்தனை டிகிரி என்பதிலும் ஆசைப்படவேண்டாம். வெளியே சராசரி 2 டிகிரி இருக்கும் ஓர் இரவில், பிளாஸ்டிக் ஒட்டாத குடிலை 5 டிகிரியில் வைக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 4 யூனிட். 10 டிகிரியில் வைக்க 11 யூனிட். யூனிட் 25 பென்ஸ் வாக்கில் என்று வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்குப் பத்து வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம் என்றால், அதை மட்டும் உள்ளே ஒரு மூலையில் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி வைத்து அந்த மூலையைச் சூடாக்குவது புத்திசாலித்தனம்.

அதற்குச் சிலர் மண்ணைச் சூடாக்கும் கேபிள் வாங்குகிறார்கள். ஈரமான மணலுக்குள் வளைத்து வளைத்துப் புதைப்பது. 75 வாட் அளவில் கிடைக்கும். நல்ல சாமான். ஆனால் நீளம் அதிகம் என்று வெட்டிவிடாதீர்கள். அது முழுக்க ஒரே மின்தடை. பாதியாக வெட்டினால் தடை பாதி, மின்சாரம் இரட்டிப்பு. முன்பு முழு நீளத்தில் 75 வாட், இப்போது பாதி நீளத்தில் 150. மீட்டருக்கு நான்கு மடங்கு சூடு. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகவும் விடக்கூடாது.

வீட்டு ஃபேன் ஹீட்டரைக் கிரீன்ஹவுஸில் வைக்கக்கூடாது என்று அதன் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கும். ஈரக் காற்றையும் தூசியையும் சிலந்தியையும் உள்ளே இழுத்து, சிவக்கச் சூடான கம்பிச் சுருள்மேல் ஊதுகிறது. கிரீன்ஹவுஸுக்கென்றே செய்ததை வாங்குங்கள். அதன் தெர்மோஸ்டாட் செடியின் உயரத்தில், நிழலில் இருக்கட்டும். "அப்ப மண்ணெண்ணெய் அடுப்பு நல்லதுதானே, கரண்டே வேண்டாமே" என்று அண்ணன் கேட்டார். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். குளிர்ந்த கண்ணாடியில் அது வழியும், செடியில் பூஞ்சை பிடிக்கும். மூடிய குடிலில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

கடைசியாக, நடுராத்திரி. பாதுகாப்புச் சாதனம் சரியாக வேலை செய்தால் அதன் விளைவு ஹீட்டர் நிற்பது. காலையில் போனால் செடிகள் கருகிக் கிடக்கும். இப்படி ஒருமுறை நடந்தவர்கள்தான் அடுத்த முறை ஆர்சிடியைத் தவிர்த்து வேறு சாக்கெட்டில் செருகுகிறார்கள். அந்த இடத்தில் என் அனுதாபம் தீர்ந்துவிடுகிறது, ஆனால் காரணம் புரிகிறது. பழைய ஃபியூஸ் பெட்டிகளில் பாதி வீட்டுக்கு ஒரே ஆர்சிடி இருக்கும். வாஷிங் மெஷினில் கசிவு என்றாலும் கிரீன்ஹவுஸ் இருண்டுவிடும். கிரீன்ஹவுஸில் ஈரம் என்றாலும் ஃப்ரீசர் நின்றுவிடும். தனி இணைப்புக்குத் தனி ஆர்சிபிஓ, அதாவது ஆர்சிடியும் ஃபியூஸின் வேலையைச் செய்யும் எம்சிபியும் ஒன்றாக இருப்பது, போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு காரணம் ஹீட்டருக்குள்ளேயே இருக்கிறது. உறையிட்ட ஹீட்டர் கம்பிக்குள் மெக்னீசியம் ஆக்சைடுத் தூள் அடைத்திருப்பார்கள். கோடை முழுக்கக் கிரீன்ஹவுஸிலேயே கிடந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதல் குளிர் இரவில் தெர்மோஸ்டாட் இயக்கியதும் கசிவு, உடனே துண்டிப்பு. ஏப்ரல் கடைசியில் ஹீட்டரைத் துடைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். செப்டம்பரில் ஒரு பகலில் போட்டுப் பாருங்கள். ஆர்சிடியில் உள்ள டெஸ்ட் பொத்தானையும் அன்றைக்கே அழுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். உள்ளே வெப்பநிலை இறங்கினால் படுக்கையறையில் சத்தம் கொடுக்கும், பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

அப்படிச் சத்தம் கேட்டு எழுந்து போகிறீர்கள், ஆர்சிடி விழுந்திருக்கிறது. கிரீன்ஹவுஸுக்குள் போகாமல், வீட்டுப் பெட்டியில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நின்றால் நல்லது, காலையில் ஈரம் எங்கே என்று தேடலாம். மறுபடி விழுந்தால் அப்படியே விடுங்கள். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். அந்த இணைப்பு அணைந்தே இருக்கட்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிவந்து சமையலறையில் வையுங்கள். மற்றவற்றின்மேல் தோட்டத்துக்கென்று விற்கும் ஃப்ளீஸ் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்துங்கள். மிளகாய்ச் செடி ஒன்றிரண்டு போகலாம். அண்ணனிடம் விதை இருக்கிறது.